பழைய ஆம்னியின் டெம்பரேச்சர் முள்: கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் கணவாய் ஏறிக்கொண்டிருந்தோம். மே மாதம், மதியம் இரண்டு மணி, வண்டிக்குள் ஆறு பேர். அடிவாரத்திலிருந்தே பாதிக்கு மேல் நின்ற டெம்பரேச்சர் முள், ஏற்றத்தின் நடுவில் சடாரென்று சி (குளிர்) பக்கம் சாய்ந்தது. "அப்பாடா, சூடு இறங்கிடுச்சு" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்து ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது, என்ஜின் தானாக நின்றது. ஓஸ் கிளிப் ஒன்று தளர்ந்து, தண்ணீர் முழுக்க ரோட்டில் போயிருந்தது. என்ஜினின் மேல் மூடியான ஹெட் வளைந்துவிட்டது. அதைச் சீவிச் சமமாக்க ஃபேசிங் போட்டு, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றி, வண்டி வீடு வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

அன்றைக்கு மீட்டர் பழுதில்லை, சென்சாரும் பழுதில்லை. சென்சாரின் முனையைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீர் இல்லை, அதனால் முள் விழுந்தது. முள் காட்டுவது என்ஜினின் சூட்டை இல்லை, சென்சார் முனையைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதன் சூட்டைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் எதற்கு என்பது தானாகவே விளங்கும். "மீட்டர் போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், என்ஜினின் உண்மையான சூட்டை வேறொரு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகுதான் மீட்டர், வயர், சென்சார் எல்லாம்.

எழுதுவது மாருதி ஆம்னியை வைத்து. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை உற்பத்தியான வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சீட்டுகளுக்கு அடியில் என்ஜின். நான் கை வைத்துப் பழகியது கார்புரேட்டர் மாடலில். ஒற்றை வயர் சென்சார் உள்ள எந்தப் பழைய வேனுக்கும் முறை இதேதான், பொருட்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

முள்ளுக்குப் பின்னால் நடப்பது

சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்ட் ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு வருகிறது. மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் என்ஜினில் உள்ள சென்சாருக்குப் போகிறது. சென்சாரின் பித்தளை உடம்பு என்ஜினில் முறுக்கியிருப்பதால், அங்கிருந்து என்ஜின் உலோகம் வழியாகவும் எர்த் கேபிள் வழியாகவும் கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிவிடும். சென்சாருக்குள் இருக்கும் சின்ன வில்லை, குளிர்ந்திருக்கும்போது கரண்டை அதிகம் தடுக்கும். சூடேறச் சூடேறத் தடை குறையும், அதிகக் கரண்ட் ஓடும், முள் எச் (சூடு) பக்கம் நகரும்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் கிடைக்கிறது. வயர் அறுந்தால் கரண்ட் இல்லை, முள் சி-யில் படுத்துவிடும். வயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டால் தடையே இல்லை, என்ஜின் ஜில்லென்று இருந்தாலும் முள் எச்-சில் போய் நிற்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலரும் தவறான பொருளை வாங்கி வருகிறார்கள். மீட்டருக்கான சென்சார் வேறு, ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்ச் வேறு. எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் உள்ள மாடலில், கம்ப்யூட்டருக்கென்று இரண்டு வயர் சென்சார் ஒன்று தனியாக உண்டு. ஃபேன் ஓடவில்லை என்பதற்காக மீட்டர் சென்சாரை மாற்றினால் எதுவும் நடக்காது. கடைக்குப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். மரையும் நீளமும் ஒன்றாக இருந்தால்கூட உள்ளே இருக்கும் தடை வேறாக இருக்கலாம், அப்படிப் போட்டால் முள் காலத்துக்கும் தவறாகவே காட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று. காய்ச்சலுக்கு வைப்பது உதவாது, சமையலுக்கோ ஆய்வகத்துக்கோ விற்பது வேண்டும். மீட்டர் போர்டுக்குள் போடும் சின்ன 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்று, அதன் இரண்டு பக்கமும் வயர் சேர்த்து நுனியில் முதலைக் கிளிப் மாட்டியது. உப்புத்தாள், ஸ்பேனர்கள், ஒரு பழைய துண்டு. துப்பாக்கி போல் நீட்டிச் சூட்டை அளக்கும் கருவி இருந்தால் வேலை பாதியாகும்.

ஆம்னியில் வேலை செய்யும்போது முகமும் மார்பும் என்ஜினுக்கு நேர் மேலே இருக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும், மூடி தளர்ந்த நொடியில் மொத்தமும் ஆவியாகச் சீறும். ஒரு மணி நேரம் விடுங்கள். மேல் ஓஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதன் பிறகும் துண்டைப் போட்டுத்தான் திருக வேண்டும். தூக்கிய சீட்டைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

முதல் படி: முள் என்ன செய்கிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு நாள் வண்டியை ஓட்டி முள்ளைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் எங்கே வந்து நிற்கிறது, சிக்னலில் என்ன ஆகிறது, ஏற்றத்தில் என்ன ஆகிறது, ஹெட்லைட் போட்டால் அசைகிறதா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி வைத்ததைப் பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

சாவி போட்டதுமே, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே எச்-சுக்கு ஓடினால் வயர் ஷார்ட் அல்லது சென்சார் உள்ளே ஷார்ட். எவ்வளவு ஓடினாலும் அசையாமல் சி-யில் கிடந்தால் வயர் அறுந்திருக்கலாம், சென்சார் செத்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். சி-யை விட்டுக் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது என் முதல் சந்தேகம். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன். ஓட்டத்தில், அதுவும் ஏற்றத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தண்ணீர் குறைவு. குண்டு குழியில் துள்ளினால் லூஸ் கனெக்‌ஷன். ஹெட்லைட்டோடு சேர்ந்து அசைந்தால் எர்த். பெட்ரோல் முள்ளும் கூடவே கோணலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவாக வரும் கரண்டில்தான் கோளாறு.

ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவிலிருந்து திடீரென்று சி-க்கு விழுந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம். ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். வயர் கழன்றிருக்கலாம், தண்ணீர் போயிருக்கலாம். எது என்று ஓட்டிக்கொண்டே தெரிந்துகொள்ள முடியாது.

ஒன்று மட்டும் கோளாறில்லை. வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துப் பத்து நிமிடத்தில் வந்து சாவி போட்டால் முள் முன்பைவிட மேலே நிற்கும். தண்ணீர் ஓடாததால் ஹெட்டின் சூடு அப்படியே தேங்கியிருப்பது அது. ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும்.

இரண்டாம் படி: தண்ணீர்

காலையில், ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வண்டியில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டரோடு இணைந்த பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூடியின் ரப்பர் போயிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். கழுத்து வரை தண்ணீர் தெரிய வேண்டும்.

குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். எங்கே போனது? ஆம்னியில் ரேடியேட்டர் முன்னால், என்ஜின் சீட்டுக்கடியில். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நீண்ட தூரம் ஓடுகிறது. ஒவ்வொரு ஓஸ் இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். கூலன்ட் (தண்ணீரோடு கலந்து ஊற்றும் நிறத் திரவம்) காய்ந்த இடம் பச்சையாகவோ சிவப்பாகவோ பொறுக்குத் தட்டியிருக்கும், போர் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓட கேஸ் கிட் போட்ட வண்டியில் கவனிக்க இன்னொரு இடம் உண்டு. கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்குச் சூடு கொடுக்க என்ஜின் தண்ணீரைத்தான் ஓஸ் போட்டு எடுத்திருப்பார்கள், அந்த டி-இணைப்புகள் கசியும். கேஸில் ஓடும்போது ரெடியூசர் மேல் பனி படிந்தால், அங்கே சுடுதண்ணீர் வரவில்லை என்று பொருள். மீட்டர் சொல்லாத தண்ணீர்க் குறைவை எனக்கு ஒருமுறை அந்த வெள்ளைப் பனிதான் சொன்னது.

போர் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்களில் வண்டி நின்ற இடத்தில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அவசரத்துக்கு ஊற்றலாம், ஊர் வந்ததும் மாற்றியாக வேண்டும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே சென்சார் முனையிலும் உப்பு படியும். படிந்த சென்சார் சூட்டைத் தாமதமாகவும் குறைத்தும் காட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி என்பது என் கணக்கு.

மூன்றாம் படி: உண்மையான சூடு எவ்வளவு?

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சென்சார், மீட்டர், தெர்மோஸ்டாட் என்று வரிசையாக வாங்கி மாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

எளிய வழி: என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரைக் கழுத்துக்குள் நூலில் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சூடு மெதுவாகத்தான் ஏறும், தெர்மோஸ்டாட் இன்னும் மூடியிருப்பதால் என்ஜின் தண்ணீர் ரேடியேட்டருக்கு வராது. பிறகு ஒரு கட்டத்தில் கழுத்துக்குள் தண்ணீர் நகர்வது கண்ணுக்கே தெரியும், தெர்மாமீட்டர் மளமளவென்று ஏறும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அந்த நேரத்தில் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மூடி திறந்திருப்பதால் 90 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள், பொங்கி வழியும்.

அளக்கும் துப்பாக்கி இருந்தால் மூடியைத் திறக்கவே தேவையில்லை. மேல் ஓஸ் வந்து சேரும் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் நீட்டலாம். ஆனால் பளபளக்கும் அலுமினியம் இந்தக் கருவியை ஏமாற்றும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும். ஓஸ் ரப்பரின் மேல் அளந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே காட்டும்.

இரண்டும் இல்லையா? மேல் ஓஸின் மேல் கை வையுங்கள். ஸ்டார்ட் செய்து சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று கை வைக்க முடியாதபடி சுட்டால் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்கிறது. துல்லியம் வராது, ஆனால் முள் எச்-சில் நிற்கும்போது ஓஸ் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் பொய் சொல்வது யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான். தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகிவிட்டாலும், தண்ணீர் இல்லாவிட்டாலும் ஓஸ் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் தண்ணீரை முதலில் பார்க்கச் சொன்னேன்.

அளந்த சூடும் முள்ளும் ஒத்துப்போனால் மீட்டரை விட்டுவிட்டு நேராக எட்டாம் படிக்குப் போங்கள். ஒத்துப்போகாவிட்டால் தொடரலாம்.

நான்காம் படி: ஒற்றை வயர் சோதனை

சென்சார் எங்கே என்று தேட, தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து தொடங்குங்கள். கார்புரேட்டர் மாடலில் அதை ஒட்டிய பகுதியில்தான் இருக்கும். பித்தளை உடம்பு, தலையில் ஒரே ஒரு ஊசி, அதில் செருகிய ஒரே ஒரு வயர். அந்த வயரைக் கழற்றுங்கள். இழுக்காமல், வயர் நுனியில் இருக்கும் உலோகத் துண்டான லக்கைப் பிடித்து அசைத்து அசைத்து எடுங்கள். முப்பது வருடம் சூட்டில் வெந்த வயர், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

வயரை எதிலும் படாமல் தொங்கவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். முள் சி-யில் இருக்க வேண்டும். அப்போதும் எச்-சில் நின்றால் வயர் வழியில் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது மீட்டரே உள்ளே போயிருக்கிறது.

இப்போது பல்பின் ஒரு கிளிப்பை அந்த லக்கிலும், மற்றொன்றை என்ஜினில் துருவில்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டுங்கள். முள் எச் பக்கம் ஏறத் தொடங்கினால் மீட்டர், ஃபியூஸ், வயர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. மிச்சமிருப்பது சென்சாரும் எர்த்தும்தான். பழைய மீட்டரில் முள் சோம்பேறி, கால் நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். உள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் முள்ளைத் தள்ளுகிறது.

வயரை நேராக என்ஜினில் தொட்டுப் பார்ப்பதுதான் ஒர்க்‌ஷாப் வழக்கம். நானும் பார்த்திருக்கிறேன். தடை எதுவும் இல்லாமல் முழுக் கரண்ட் போனால் மீட்டருக்குள் சுற்றிய மெல்லிய கம்பி கருகலாம். பழைய ஆம்னிக்கு நல்ல மீட்டர் தேடி அலைவதைவிட ஒரு பல்பை நடுவில் போடுவது எவ்வளவோ மேல்.

பல்பு போட்டும் முள் அசையாவிட்டால் ஏழாம் படி.

ஐந்தாம் படி: சென்சாரை வெந்நீரில் வைத்துப் பார்ப்பது

என்ஜின் குளிர்ந்த பிறகு சென்சாரைக் கழற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் வழியும், ஒரு மூடியோ விரலோ வைத்து அடைக்கலாம். முனையில் வெள்ளைப் படிவம் இருந்தால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கலாம். படிவம் போனதும் பிழைத்த சென்சார்களும் உண்டு.

இனி உபயோகிக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். முனையோ தெர்மாமீட்டரோ பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். மல்டிமீட்டரைத் தடையை அளக்கும் ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை ஊசியிலும் மற்றதைப் பித்தளை உடம்பிலும் பிடிக்க வேண்டும். அடுப்பைச் சிறு தீயில் வைத்துப் பத்து டிகிரிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே வாருங்கள்.

சுசுகி குடும்பத்தின் பழைய சென்சார்களில் 50 டிகிரியில் சுமார் 150 ஓம், 80-இல் 50-ஐ ஒட்டி, 100-இல் 30-க்குச் சற்றுக் கீழே என்பது நல்ல சென்சாரின் வரிசை. எண் ஒன்றிரண்டு முன்பின் இருப்பது பிரச்சினை இல்லை. தடை தொடர்ந்து, தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டுச் சட்டென்று குதித்தால் உள்ளே விரிசல். மல்டிமீட்டர் எதுவும் காட்டாவிட்டால் செத்துவிட்டது. குளிர்ந்த நிலையிலேயே சுழியத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். கொதிக்கிறதே, 100 ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

திரும்ப மாட்டும்போது மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதீர்கள். பிளம்பர் வேலைக்கு அது சரி. இந்தச் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப் தடித்தால் கரண்ட் திரும்பாமல் முள் குறைத்துக் காட்டும். கசிவுக்குப் பயமாக இருந்தால் மரையின் நடுவில் மட்டும் மெல்லிதாக சீலன்ட் தடவலாம். முறுக்குவதும் அளவோடு. அலுமினியத்தில் மரை போனால் இந்தச் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

ஆறாம் படி: எர்த்

சென்சார் நல்லது, பல்பு சோதனையும் சரி, ஆனாலும் முள் தாறுமாறாக ஆடுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் சிவப்பு முனையை சென்சாரின் பித்தளை உடம்பிலும் பிடியுங்கள். என்ஜின் ஓட, ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓட, காட்டும் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் கேபிளில் தடை இருக்கிறது.

பேட்டரியிலிருந்து வரும் கேபிளின் மறுமுனையையும், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டையையும் தேடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் லக்கைக் கழற்றினால் அடியில் பச்சைப் பூத்துக் கிடக்கும். உப்புத்தாளால் லக், போல்ட், பாடி மூன்றும் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பெயின்ட் அடித்த வண்டியில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கும். பாடி வேலை முடிந்து வந்த வாரத்தில் முள் கோளாறு ஆரம்பித்தது என்றால் நான் முதலில் கை வைப்பது அந்த போல்ட்டில்தான்.

ஏழாம் படி: மீட்டர் பக்கம்

முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாமல் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள், ஃபியூஸ் உட்காரும் பித்தளை நாக்குகளையும் சுரண்டிவிடுங்கள். பிறகு வயர். சென்சார் முனையிலிருந்து மீட்டர் முனை வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பீப் சத்தத்தில் பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் உலோக விளிம்பில் உரசும் இடமும், டேஷ்போர்டுக்குள் நுழையும் ரப்பர் வளையமும் சந்தேகத்துக்கு உரியவை.

மீட்டர் போர்டைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீடோ கேபிளை விடுவித்து, போர்டை மெதுவாக முன்னால் இழுத்தால் பின்பக்கம் தெரியும். பழைய போர்டுகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். மீட்டரின் சின்ன நட்டுகள் அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் விரல் முறுக்குக்குச் சற்று மேல் இறுக்குங்கள், மங்கிய செம்பைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். இவ்வளவிலேயே பல முட்கள் உயிர் பெற்றுவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டர்களுக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்க ஒரு சிறு பெட்டி இருக்கும், அது போனால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறியோ இறங்கியோ காட்டும்.

எட்டாம் படி: முள் உண்மையைத்தான் சொல்கிறது என்றால்

இங்கே வந்துவிட்டால் மீட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சூடு ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே, கழட்டிட்டா வண்டி கூலா ஓடும்" என்று சொல்லிக் கழற்றிப் போடும் பழக்கத்தை நான் மனதார எதிர்க்கிறேன். தண்ணீர் இடைவிடாமல் சுற்றுவதால் என்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கசடாகும். முள் எப்போதும் கீழேயே கிடப்பதால் அதைப் பார்க்கும் பழக்கமே ஓட்டுபவருக்குப் போய்விடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

தெர்மோஸ்டாட்டையும் வெந்நீரில் தொங்கவிட்டே பார்க்கலாம். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். 82 என்று இருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்கி 95 வாக்கில் முழுதும் திறந்துவிட வேண்டும். விளிம்பில் ஆடும் குண்டூசி போன்ற சிறு வால்வு இருந்தால் மாட்டும்போது அது மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேறும் வழி அது.

நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன். சுவிட்ச் வயர்களை இணைத்துப் பார்த்து, ஃபேன் ஓடினால் சுவிட்ச் பழுது, ஓடாவிட்டால் மோட்டார், ஃபியூஸ், ரிலே என்று தேடலாம். ஃபேனை டைரக்டாகப் போட்டுவிடுவது ஊர் போய்ச் சேரும்வரைக்கான வழி மட்டுமே.

வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர். வெளியே தகடுகளுக்கு நடுவில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னால் இருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். உள்ளே உப்பு அடைத்திருந்தால், சூடான ரேடியேட்டரின் மேல் அளக்கும் துப்பாக்கியை நகர்த்திப் பார்க்கையில் குளிர்ந்த திட்டுகள் தெரியும். மூடியின் ஸ்பிரிங்கையும் ரப்பரையும் பாருங்கள். 0.9 என்று பொறித்த மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100-லேயே கொதித்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் கடைசி. குளிர்ந்த வண்டியை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் கழுத்தில் விடாமல் குமிழ் வந்தால், ஒரே நிமிடத்தில் மேல் ஓஸ் கல்லாக இறுகினால், ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்தது போல் இருந்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். அந்தக் காற்றுக் குமிழ்கள் சென்சார் முனையில் வந்து நிற்கும்போதுதான் முள் துள்ளித் துள்ளி விழும்.

ஒன்பதாம் படி: காற்றை வெளியேற்றுவது

தண்ணீரைத் திறந்த எந்த வேலைக்குப் பிறகும் இது கட்டாயம். நீண்ட குழாய்களில் காற்று மாட்டிக்கொள்ளும், சென்சார் அந்தக் காற்றுக்குள் உட்கார்ந்துவிட்டால் நாம் செய்த வேலை எல்லாம் வீண். ரேடியேட்டர் மூடி உயர்ந்து நிற்கும்படி சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கழுத்து வரை மெதுவாக ஊற்றுங்கள். ஓஸ்களை மாற்றி மாற்றிக் கசக்கினால் குளுக் குளுக்கென்று காற்று வரும். மூடி திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து அளவு இறங்கும்போது மேலும் ஊற்றி, பொங்குவதற்கு முன் மூடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்ததும் மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிக் குறையலாம். அதற்கு மேலும் குறைந்தால் கசிவு இருக்கிறது.

பத்தாம் படி: முள்ளுக்கு அடையாளம் வைப்பது

சி-க்கும் எச்-சுக்கும் நடுவில் எத்தனை டிகிரி என்று எந்த ஆம்னி மீட்டரும் எழுதி வைத்திருக்கவில்லை. நீங்களே எழுதுங்கள். எல்லாம் சரியான பிறகு, தெர்மோஸ்டாட் கூட்டில் ஒட்டிய கறுப்பு டேப்பில் சூட்டை அளந்தபடி, 80 டிகிரியில் முள் நிற்கும் இடத்துக்கு நேராகக் கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய டேப் துண்டு. ஃபேன் ஓடத் தொடங்கும் இடத்தில் இன்னொன்று. டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஒட்ட வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் முள் தள்ளித் தெரியும்.

என் வண்டியில் முதல் டேப் நடுவுக்கு ஒரு நூல் கீழே, இரண்டாவது நடுவைத் தாண்டி. அப்பாவுக்கும் காட்டிக் கொடுத்தேன். இந்த இரண்டுக்கும் வெளியே முள் எந்தப் பக்கம் போனாலும், சி பக்கம் விழுந்தாலும், "ஓரங்கட்டுப்பா" என்று முதலில் சொல்வது இப்போது அவர்தான்.